ஒட்டுக் காது யானைகளும் மர்ச்சிசன் அருவியும்

1930களில் வந்த டார்ஜான் படங்களில் யானைகள் தோன்றும்போது சற்று உற்றுப் பாருங்கள். மேடாக வளைந்த முதுகு, நெற்றியில் இரட்டைப் புடைப்பு, எல்லாம் நமக்குப் பழகிய யானைதான். ஆசிய இனம். ஆப்பிரிக்க யானைக்குக் காது பெரிது என்பதால் செயற்கைக் காதுகளைச் செய்து மாட்டி, கேமரா முன் நிறுத்தியிருக்கிறார்கள். கோயில் வாசலில் யானையைப் பார்த்து வளர்ந்தவர்களை அந்தக் காதுகள் ஏமாற்ற முடியாது. ஜானி வைஸ்முல்லர் கொடியைப் பிடித்துத் தாவிய காடும் கலிபோர்னியாவில்தான் இருந்தது. அந்த ஸ்டுடியோ வனத்தின் மோகம் நம் பக்கமும் வந்தது, 1941இல் எம்.கே. ராதாவும் கே. தவமணி தேவியும் நடித்து வெளிவந்த 'வனமோகினி' அந்த வழியில் வந்த தமிழ்ப் படம்.

நான் எழுத வந்தது வேறு வகைப் படங்களைப் பற்றி. ஒட்டுக் காது போதும் என்று பலர் இருந்த அதே காலத்தில் சிலர் கேமராக்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு உண்மையான ஆப்பிரிக்காவுக்கே போனார்கள். 'டிரேடர் ஹார்ன்', 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்', 'தி ஆப்பிரிக்கன் குவீன்', 'மொகாம்போ', 'ஹட்டாரி' என்று அந்த வரிசை நீள்கிறது. இவற்றின் மீது எனக்குத் தீராத பிரியம் உண்டு. கதை பெரும்பாலும் ஒரே அச்சு: ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரர், தொலைதூர நகரத்திலிருந்து வந்து சேரும் ஒரு பெண், ஒரு கடினமான பயணம், நடுவில் காதல். கதைக்காக யாரும் இவற்றை இரண்டாம் முறை பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கேமரா ஓர் இடத்தில் போய் நின்றுவிட்டால் அந்த இடம் இயக்குநருக்கு முழுவதுமாகக் கட்டுப்படாது. வெயிலுக்கும் புழுதிக்கும் ஒத்திகை கிடையாது. காண்டாமிருகம் திரைக்கதை படிப்பதில்லை. இயக்குநரின் பிடிக்கு அடங்காமல் திரைக்குள் நுழைந்தவைதான் இந்தப் படங்களை இன்றும் உயிரோடு வைத்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் போனவர் டபிள்யூ.எஸ். வான் டைக். எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக 1929இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், கென்யா, உகாண்டா, தங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி), பெல்ஜியன் காங்கோ என்று மாதக்கணக்கில் சுற்றி அவர் எடுத்த 'டிரேடர் ஹார்ன்' 1931இல் வெளிவந்தது. ஆவணப் படங்களைத் தவிர்த்துவிட்டால், ஹாலிவுட் ஆப்பிரிக்க மண்ணில் எடுத்த தொடக்ககாலப் படங்களில் ஒன்று இது. ஊமைப் படங்கள் பேசும் படங்களாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. படப்பிடிப்பு ஏற்பாடுகளுக்கு நடுவே ஒலிப்பதிவுக் கருவிகளையும் அங்கே அனுப்பிவைத்தார்கள். பதிவான ஒலியில் பெரும்பகுதி பயன்படாமல் போக, பல காட்சிகளைத் திரும்பவும் அமெரிக்காவில் எடுத்து ஒட்டவேண்டி வந்தது.

அந்தப் படத்தில் ஒரு விசித்திரமான பகுதி உண்டு. வணிகர் ஹார்னும் அவருடைய இளைய கூட்டாளியும் சமவெளியில் நடந்து போவார்கள். கதை அப்படியே நின்றுவிடும். ஹார்ன் கையை நீட்டி ஒவ்வொரு மிருகமாகப் பெயர் சொல்லிக் காட்டத் தொடங்குவார். காட்டுமாடு, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, சிறுத்தை. பள்ளிக்கூடத்து இயற்கைப் பாடம் போலவே நீண்டு போகும். இன்றைய படத்தொகுப்பாளர் யாராக இருந்தாலும் அதை வெட்டி எறிந்துவிடுவார். எனக்கோ அதுதான் படத்தின் மிக நேர்மையான பகுதி. இத்தனை தூரம் வந்து கண்ட காட்சியைக் கதைக்குள் எப்படி வைப்பது என்று தெரியாமல், இதோ பாருங்கள் என்று அப்படியே நம்மிடம் கொடுத்துவிடுகிறார்கள். எடுத்தது போக மிஞ்சிய காட்சிகளை எம்.ஜி.எம். வீணாக்கவில்லை. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவில் எடுத்த முதல் வைஸ்முல்லர் டார்ஜான் படத்தில் அவற்றைச் சேர்த்துக்கொண்டது. ஒட்டுக் காது யானைகளுக்கு அருகில் உண்மையான ஆப்பிரிக்கா துண்டு துண்டாக வந்து போவதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் படத்துக்கு ஒரு பெண் கொடுத்த விலையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. காட்டில் வளர்ந்த வெள்ளைக்காரப் பெண்ணாக நடித்தவர் எட்வினா பூத். உடம்பை மறைக்க அதிகத் துணி இல்லாத வேடத்தில் அவரை அந்த வெயிலிலும் கொசுக்கடியிலும் மாதக்கணக்கில் நடிக்க வைத்தார்கள். கடுமையான நோயோடு ஊர் திரும்பினார். நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. குணமடையவே பல ஆண்டுகள் பிடித்தன. இன்னும் சில படங்களோடு திரையுலகை விட்டு விலகிவிட்டார். அதே படத்தில் ஹார்னின் துப்பாக்கி தூக்கியாக, படம் முழுக்கக் கூடவே வருபவர் கென்யாவைச் சேர்ந்த முட்டியா ஓமுலு. மறுபடி எடுக்க வேண்டிய காட்சிகளுக்காக அவரையும் அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் நடிப்பது போலவே தெரியாதவர் அவர் ஒருவர்தான். ஹார்னாக நடித்த ஹாரி கேரிக்கு இணையான முகம் அது. ஆனால் திரைக்கதை அவரை விசுவாசமான ஊழியர் என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் அடைத்து வைத்திருந்தது.

அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரிய ஸ்டுடியோக்கள் ஆப்பிரிக்காவைத் தங்கள் கொல்லைப்புறத்திலேயே பெரும்பாலும் கட்டிக்கொண்டன. 1950களில் திரும்பவும் கப்பல் ஏறியதற்குக் காரணம் கலை ஆர்வம் மட்டும் இல்லை. அமெரிக்க வீடுகளுக்குள் டெலிவிஷன் வந்துவிட்டது. சின்னப் பெட்டியில், கறுப்பு வெள்ளையில் கிடைக்காதது எதுவோ அதைத் திரையரங்கில் காட்டியாக வேண்டும். நிறம், விரிவு, தூரம். டெக்னிகலர் கேமரா மிகக் கனமானது. அதைச் சுமந்துகொண்டு காங்கோ ஆற்றங்கரைக்கும் கென்யச் சமவெளிக்கும் போகிற அளவுக்கு அந்த நெருக்கடி அவர்களைத் தள்ளியது.

இந்தப் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவருக்கு ஓர் அருவி பழகிப்போகும். உகாண்டாவில் நைல் நதி சுமார் ஏழு மீட்டர் அகலமே உள்ள ஒரு பாறை இடுக்குக்குள் தன்னை நெருக்கிக்கொண்டு 43 மீட்டர் கீழே விழுகிறது. மர்ச்சிசன் அருவி. 'டிரேடர் ஹார்ன்' அங்கே போனது. 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' போனது. 'தி ஆப்பிரிக்கன் குவீன்' குழுவும் போனது. ஒவ்வொரு படத்திலும் அது வேறோர் இடத்து அருவியாக நடிக்கிறது. அதன் ஆங்கிலப் பெயர் ஒரு பிரிட்டிஷ் புவியியல் சங்கத் தலைவருடையது. 1970களில் இடி அமீன் ஆட்சியில் அதற்குக் கபலேகா என்று பெயரிட்டார்கள். பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட புன்யோரோ அரசரின் பெயர் அது. பிறகு பழைய பெயரே திரும்ப வந்துவிட்டது. அந்தப் படங்களில் நீரோரம் குவிந்து கிடக்கும் முதலைகளையும் நீர்யானைகளையும் சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் திரிந்த யானைகளையும் அடுத்து வந்த உள்நாட்டுக் கலவர ஆண்டுகள் பெருமளவு அழித்துவிட்டன. யானைகள் சில நூறாகச் சுருங்கின. இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தக் காட்சிகளை வெறும் அலங்காரமாக என்னால் பார்க்க முடிவதில்லை.

இந்த வரிசையில் நான் அதிகம் திரும்பிப் போகிற படங்களில் ஒன்று 1950இல் வந்த 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்'. ரைடர் ஹாகர்ட் 1885இல் எழுதிய நாவலில் கதாநாயகி என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் கிடையாது. ஹாலிவுட் டெபோரா கெர்ரைச் சேர்த்துக்கொண்டது. வழிகாட்டி ஆலன் குவார்ட்டர்மெய்னாக ஸ்டூவர்ட் கிரேஞ்சர். காம்டன் பென்னட், ஆண்ட்ரூ மார்டன் என்று இரண்டு இயக்குநர்கள். ராபர்ட் சர்ட்டீஸுக்கு ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் கிடைத்தது. ஓர் இடத்தில் கதாநாயகி பயணத்தின் நடுவே தன் நீண்ட கூந்தலைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்வார். அடுத்த காட்சியிலேயே அது அழகான சுருள்களாகப் படிந்திருக்கும். ஸ்டுடியோவின் சிகையலங்காரக் கை அங்கே மட்டும் எட்டிப் பார்க்கிறது. மற்றபடி இவ்வளவு தூரம் ஸ்டுடியோவை விட்டு வெளியேறிய பெரிய நிறுவனப் படம் அந்தக் காலத்தில் அரிது.

அதில் என்னை முதலில் நிறுத்தி வைத்தது இசை. சரியாகச் சொன்னால் இசையின்மை. 1950இல் ஒரு பெரிய வண்ணப் படம் வயலின் கூட்டம் இல்லாமல் வருவது எவ்வளவு அபூர்வம் என்பது அந்தக் காலப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காதல் காட்சிக்குக்கூட வாத்தியக் குழு கிடையாது. காதில் விழுவதெல்லாம் முரசு, மனிதக் குரல், பறவை, புல், தண்ணீர். நடுவில் ஒரு காட்டுத்தீ பரவி வரிக்குதிரைகளும் மான்களும் ஒட்டகச்சிவிங்கிகளும் பயணிகளை நோக்கி வெறிகொண்டு ஓடிவரும். முதலில் சில, பிறகு நூற்றுக்கணக்கில், கடைசியில் திரையில் புழுதியும் குளம்பும் மட்டுமே. பயணிகள் ஒதுங்கிப் பதுங்கிக்கொள்ளும் அந்த நிமிடங்களில் பின்னணி இசை ஒன்று ஒலித்திருந்தால் இப்போது பயப்படு, இப்போது நிம்மதியடை என்று நம்மை வழிநடத்தியிருக்கும். அது இல்லாததால் குளம்போசையோடு நாம் தனியாக விடப்படுகிறோம்.

படத்தின் கடைசிப் பகுதி ருவாண்டாவில் எடுக்கப்பட்டது. பயணம் முழுக்கக் கூடவே சுமை தூக்கி வந்த உம்போபா என்ற உயரமான மனிதர், தன் நாட்டின் உண்மையான அரசர் என்று தெரியவரும். அவரை வரவேற்று நடனம் நடக்கும். இன்டோரே என்ற அரசவை ஆட்டம். சிங்கத்தின் பிடரி போல வெண்மையாக நீண்ட தலையணிகள், கையில் ஈட்டி, காலில் சலங்கை. ஆட்டக்காரர்கள் தலையைச் சுழற்றும்போது அந்தப் பிடரிகள் காற்றில் வட்டமிடும். கேமரா அங்கே செய்ய வேண்டிய ஒரே வேலையைச் செய்கிறது: விலகி நின்று பார்க்கிறது. இந்த மனிதர்கள் படத்துக்காகப் பயிற்சி பெற்ற துணை நடிகர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஆடி வந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். உம்போபாவாக நடித்தவரின் பெயர் படத்தில் சிரியாக் என்று ஒற்றைச் சொல்லாக, 'வட்டுசி இனத்தவர்' என்ற அடைமொழியோடு வருகிறது. டுட்சி மக்களை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். டெபோரா கெர்ருக்கு எந்த இனத்தவர் என்ற அடைமொழி தேவைப்படவில்லை.

அந்தக் காட்சியை நிம்மதியாக ரசிக்க முடியாமல் செய்கிற வரலாறு ஒன்று இருக்கிறது. ருவாண்டாவை ஆண்ட பெல்ஜியர்கள், டுட்சிகள் வடக்கிலிருந்து வந்த உயர்ந்த இனம், ஆளப் பிறந்தவர்கள், ஹுட்டுகள் உழைக்கப் பிறந்தவர்கள் என்ற இனக் கோட்பாட்டை நிர்வாகமாகவே மாற்றினார்கள். 1930களில் ஒவ்வொருவர் கையிலும் இனம் குறித்த அடையாள அட்டையைக் கொடுத்தார்கள். உயரமான, அழகான, அரச களை கொண்ட மக்கள் என்று இந்தப் படம் உலகத் திரையரங்குகளில் காட்டியது அதே பிம்பத்தைத்தான். 1959இல் நிலைமை தலைகீழாகத் திரும்பியது. டுட்சிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், துரத்தப்பட்டார்கள், சில ஆண்டுகளில் முடியாட்சியும் ஒழிந்தது. 1994இல் சுமார் நூறு நாட்களுக்குள் எட்டு லட்சம் பேர் வரை கொன்று குவிக்கப்பட்டார்கள். சாலைத் தடுப்புகளில் யாரை விடுவது, யாரை வெட்டுவது என்று முடிவு செய்ய அந்த அடையாள அட்டைகள் பயன்பட்டன. திரையில் ஆடிய இளைஞர்களுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். படம் அந்தக் கொலைகளுக்குப் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் அழகான காட்சி எந்தக் கருத்தின் மீது நின்று அழகாகத் தெரிகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அதே நேரத்தில், அந்த ஆட்டத்தை முழு வண்ணத்தில், அந்த அரசு வீழ்வதற்கு முன்பு பதிந்து வைத்ததும் இதே படம்தான். இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது.

'தி ஆப்பிரிக்கன் குவீன்' பற்றி எல்லோரும் நிறைய எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜான் ஹூஸ்டன் 1951இல் ஹம்ஃப்ரி போகார்ட்டையும் காத்தரின் ஹெப்பர்னையும் பெல்ஜியன் காங்கோவின் ருய்க்கி ஆற்றுக்கு அழைத்துப் போனார். குழுவில் பெரும்பாலானோர் நோயில் விழுந்தார்கள். தண்ணீரை மட்டுமே குடித்த ஹெப்பர்ன் மோசமாகப் பாதிக்கப்பட்டார். விஸ்கியை நம்பிய போகார்ட்டும் ஹூஸ்டனும் தப்பினார்கள். மெலிந்து வெளுத்த ஹெப்பர்னின் முகம் படத்தில் அப்படியே தெரிகிறது. எந்த ஒப்பனையாலும் அதைச் செய்திருக்க முடியாது. போகார்ட்டின் ஒரே ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான்.

ஆனால் ஆற்றுத் தண்ணீரில் இறங்க வேண்டிய காட்சிகள் லண்டன் அருகே ஐஸில்வொர்த் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டவை. இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் உடம்பில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் புகழ்பெற்ற காட்சியும் அங்கேதான். அதனால் இதை நான் ஆப்பிரிக்காவின் படம் என்பதைவிட இரண்டு மாபெரும் முகங்களின் படம் என்றே சொல்வேன். தொடக்கத்தில் தேவாலயத்தில் கிராமத்து மக்கள் பாடுகிறார்கள். ஜெர்மானியப் படை வந்து ஊரை எரிக்கிறது. அதற்குப் பிறகு அந்த மக்கள் எங்கே போனார்கள் என்று படம் கேட்பதே இல்லை. இரண்டு வெள்ளையர்களின் படகு கிளம்பிவிடுகிறது. இந்தக் குறை ஒவ்வொரு முறையும் எனக்கு உறுத்துகிறது. கதைக்கு மூலமான ஜெர்மன் கப்பலின் வரலாறு படத்தைவிடப் பெரிய சாகசம்: 1913இல் ஜெர்மனியில் கட்டி, பிரித்து, கப்பலிலும் ரயிலிலும் கொண்டுவந்து, தங்கனிக்கா ஏரிக்கரையில் திரும்பப் பூட்டினார்கள். 1916இல் ஜெர்மானியர்களே மூழ்கடித்தார்கள். பிரிட்டிஷார் அதை மேலே எடுத்து 'லியெம்பா' என்று பெயர் சூட்டி ஏரியில் ஓடவிட்டார்கள். இருபத்தோராம் நூற்றாண்டிலும் அது பயணிகளை ஏற்றிச் சென்றிருக்கிறது.

ஜான் ஃபோர்டின் 'மொகாம்போ'வை (1953) ரசிக்கும்போது எனக்கு ஒரு சங்கடம் கூடவே வரும். கிளார்க் கேபிள், ஏவா கார்ட்னர், கிரேஸ் கெல்லி. கேபிள் 1932இல் நடித்த 'ரெட் டஸ்ட்' படத்தின் மறு உருவாக்கம் இது. அதே கேபிள், அதே வகை வேடம், இந்தோசீன ரப்பர் தோட்டத்துக்குப் பதில் கிழக்கு ஆப்பிரிக்கா. இதிலும் வாத்தியக் குழுவின் பின்னணி இசை கிடையாது. ஏவா கார்ட்னர் மிருகக் குட்டிகளோடு பேசி விளையாடும் காட்சிகள்தான் படத்தின் உச்சம். குட்டி யானை அவரைச் சேற்றில் தள்ளும்போது அவர் முகத்தில் வரும் கோபமும் சிரிப்பும் ஒத்திகை பார்த்து வந்தவையாகத் தோன்றவே இல்லை. காதல் முக்கோணம் மறந்துபோனாலும் அந்தச் சேறு மறக்காது.

படப்பிடிப்பு 1952 நவம்பரில் தொடங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, அக்டோபர் 20ஆம் தேதி, கென்யாவில் நெருக்கடிநிலை பிரகடனம் செய்யப்பட்டு விடுதலை இயக்கத் தலைவர் ஜோமோ கென்யாட்டா கைதானார். பறிக்கப்பட்ட நிலத்துக்காக எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை பிரிட்டிஷ் அரசு அடக்கத் தொடங்கிய நேரம். அடுத்து வந்த ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். கிக்குயு மக்கள் பெருங்கூட்டமாக முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். சித்திரவதைக்கு உள்ளாகி உயிர் பிழைத்த 5,228 பேருக்கு இழப்பீடு வழங்க பிரிட்டன் ஒப்புக்கொண்டது 2013இல்தான். இத்தனை பெரிய நெருப்புக்கு அருகில் கூடாரம் அடித்து எடுத்த படத்தில் அதன் புகைகூட இல்லை. கேமராவுக்குள் இடம் தானாகவே நுழைந்துவிடும் என்று மேலே எழுதினேன். நுழைய முடியாதவையும் உண்டு என்பதற்கு 'மொகாம்போ' சாட்சி. மிருகம் வேலி தாண்டி வந்துவிடும். கைதியால் வர முடியாது.

ஹூஸ்டன் மறுபடியும் ஆப்பிரிக்கா போய் 1958இல் எடுத்த 'தி ரூட்ஸ் ஆஃப் ஹெவன்' தோற்ற படம். அவருக்கே அதில் திருப்தி இல்லை. ஆனால் யானைகளைச் சுடக்கூடாது என்று கையெழுத்து வேட்டை நடத்தி, யாரும் கேட்காமல் போகவே காட்டுக்குள் போய்ப் போராடும் ஒரு மனிதனை நாயகனாக வைத்த முதல் பெரிய ஹாலிவுட் படங்களில் அது ஒன்று. வேட்டைக்காரரே நாயகர் என்று இருந்த வகைக்குள் நின்றுகொண்டு அந்தத் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தது. 'ஆப்பிரிக்கன் குவீன்' படப்பிடிப்பின்போது தானே யானை வேட்டைக்கு ஆசைப்பட்டு அலைந்தவர் ஹூஸ்டன் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், குறைகளை மீறி அந்தப் படம் மனதைத் தொடுகிறது.

இனி 'ஹட்டாரி'. எனக்கு இந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது இதுதான்.

ஹோவர்ட் ஹாக்ஸ் 1960 இறுதியில் ஜான் வெய்ன், ஜெர்மானியர் ஹார்டி க்ரூகர், இத்தாலியர் எல்சா மார்ட்டினெல்லி உள்ளிட்ட கூட்டத்தோடு தங்கனிக்காவின் அருஷா பகுதிக்குப் போனார். மேரு மலையின் அடிவாரத்தில், மோமெல்லா ஏரிகளுக்குப் பக்கத்தில் படப்பிடிப்பு. முழுமையான திரைக்கதை கையில் இல்லை. மிருகம் என்ன செய்யும் என்று அறைக்குள் உட்கார்ந்து எழுத முடியாது என்பதால், முதலில் மிருகங்களைப் பிடிக்கும் காட்சிகளை எடுத்துவிட்டு, கிடைத்ததைச் சுற்றி லீ பிராக்கெட் எழுதினார். படத்தில் வில்லன் கிடையாது. பழிவாங்கல், புதையல், போர் எதுவும் கிடையாது. உயிரியல் பூங்காக்களுக்காக மிருகங்களை உயிரோடு பிடிக்கும் ஒரு குழுவின் ஒரு பருவத்து வேலை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். இப்படி ஒரு படத்தை எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இதை நான் முதலில் பார்த்தது சிறுவயதில், எங்கள் ஊர்த் திரையரங்கில் மறுவெளியீடாக வந்தபோது. அழைத்துப் போனவர் பெரியப்பா. அவர் லாரி ஓட்டுநர். இருவருக்கும் ஆங்கில வசனம் புரியாது, அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பள்ளமும் மேடுமான சமவெளியில் லாரி பாய, அதன் முன் மட்கார்டு மீது பூட்டிய இருக்கையில் ஒரு ஆள் வாரால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கையில் நீண்ட கழி, கழியின் நுனியில் சுருக்குக் கயிறு. பக்கத்தில் ஓடும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் அதை மாட்ட வேண்டும். நான் வாய் பிளந்து மிருகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா என் தோளைத் தட்டி, "மிருகத்தைப் பார்க்காதே, வண்டி ஓட்டுகிறவனைப் பார்" என்றார். அதற்குப் பிறகு படமே வேறாகிவிட்டது. மிருகம் திரும்பும் நொடியில் ஸ்டீயரிங் ஒடிப்பதையும், மோதிவிடாமல் ஒரு கை தூரத்தைக் காப்பாற்றிக்கொண்டே போவதையும், இரண்டாவது வண்டி அடுத்த பக்கம் வந்து மிருகத்தை நேர்கோட்டில் வைத்திருப்பதையும் பார்க்கத் தொடங்கினேன். திரையில் மனிதர்கள் ஒரு வேலையைத் தெரிந்து செய்வதைப் பார்ப்பதில் இவ்வளவு இன்பம் இருக்கிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்தக் காட்சிகளில் டூப் நடிகர்கள் இல்லை. நடிகர்களே மிருகங்களைத் துரத்திப் பிடித்தார்கள், வில்லி டி பீர் என்ற தொழில்முறை மிருகம் பிடிப்பவரின் மேற்பார்வையில். காண்டாமிருகம் லாரியின் பக்கவாட்டில் கொம்பால் இடிக்கும்போது தகரம் நசுங்கும் சத்தம் வெறும் ஒலிக்கலவைக்காரரின் கற்பனை இல்லை. ஒருமுறை பிடிபட்ட காண்டாமிருகம் கட்டை அறுத்துக்கொண்டு ஓட, திகைத்துப்போன நடிகர்கள் மறுபடி ஓடிப் பிடித்தார்கள். ஹாக்ஸ் அதையும் படத்தில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் ஜான் வெய்ன் நட்சத்திரமாக இல்லை. மூச்சிரைக்கும், தொப்பி பறந்த, சற்றுப் பயந்த ஐம்பது வயது மனிதராக இருக்கிறார். அவருடைய எந்தக் குதிரைப் படத்திலும் நான் அவரை இவ்வளவு நம்பியதில்லை.

ஹென்றி மான்சினி இந்தப் படத்தில் சேர்த்த இசை எனக்கு முரணாகத் தோன்றுவதில்லை. மார்ட்டினெல்லியின் பின்னால் மூன்று குட்டி யானைகள் குளத்துக்கு நடந்து போகும்போது ஒலிக்கும் அந்தக் குறும்பான மெட்டை, படத்தைப் பார்க்காதவர்களும் எங்கேயாவது கேட்டிருப்பார்கள். குட்டிகள் அவரைப் பின்தொடர்வது நடிப்பில்லை. அவர் உண்மையாகவே அவற்றோடு பழகியிருந்தார்.

குறை இதிலும் உண்டு. வேலையாட்களாக வரும் ஆப்பிரிக்கர்கள் வண்டியிலிருந்து குதித்து, கயிறு போட்டு, கூண்டுக்குள் தள்ளுகிறார்கள். ஆபத்தில் பாதி அவர்களுடையது. இரவு விருந்து மேசையில் மட்டும் அவர்கள் இல்லை. படம் எடுக்கும்போது தங்கனிக்கா பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்தது. 1961 டிசம்பர் 9ஆம் தேதி அது விடுதலை பெற்றது. படம் திரைக்கு வந்தது 1962இல். திரையில் காட்டப்பட்ட ஏற்பாடு திரையரங்குக்கு வருவதற்குள் சட்டப்படி முடிந்துபோயிருந்தது. ஹார்டி க்ரூகர் அந்த இடத்தின் மீது மையல் கொண்டு மோமெல்லாவிலேயே நிலம் வாங்கிப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஹாலிவுட் ஊருக்குத் திரும்பிய பிறகும் ஒருவரையாவது அந்த இடம் பிடித்து வைத்துக்கொண்டது எனக்கு மகிழ்ச்சி.

படத்தில் துரத்தப்படும் கறுப்புக் காண்டாமிருகம் அந்தக் காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் சாதாரணமாகக் காணக்கூடிய மிருகம். 1970 வாக்கில் கண்டம் முழுவதும் சுமார் 65,000 இருந்தன. கொம்புக்காக நடந்த கொலைவெறியில் 1990களின் நடுவில் 2,500க்கும் கீழே போயின. காவலும் பணமும் பல உயிர்களும் செலவான பிறகு இப்போது மெல்ல ஏறி 6,000ஐத் தாண்டியிருக்கின்றன. லாரியையும் கழியையும் கொண்டு துரத்திப் பிடிக்கும் அந்தத் தொழிலும் படம் வந்த சில ஆண்டுகளிலேயே காலாவதியானது. 1960களில் தென்னாப்பிரிக்காவின் உம்ஃபொலோசியில் வெள்ளைக் காண்டாமிருகங்களை வேறிடங்களுக்கு அனுப்பியவர்கள் மயக்க ஊசித் துப்பாக்கியைப் பயன்படுத்தினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் கால்நடை மருத்துவர்கள் அந்த முறையைச் செப்பனிட்டார்கள். ஓட ஓட விரட்டப்பட்டு, களைப்பிலேயே இறந்துபோகும் மிருகங்களின் எண்ணிக்கை அதனால் குறைந்தது. அது நல்லது, யாரும் பழைய முறைக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் அந்தப் பழைய முறை எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவருக்கு ஹாக்ஸும் அவருடைய ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் ஹார்லனும் அதைப் படிப்படியாக, பகல் வெளிச்சத்தில், வண்டியின் வேகத்திலேயே எடுத்து வைத்திருக்கிறார்கள். பார்க்கக் கிடைத்தால் பெரிய திரையில் பாருங்கள், வண்டி ஓட்டுகிறவரையும் கவனியுங்கள்.